உங்களுக்குத் தெரியுமா? 'தாய்நாடு' தேடிப் போன தீவுக்காரர்கள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நமக்கு கிரிக்கெட்தான். அந்தத் தீவுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்களே, அந்தக் கதையை நம் பக்கம் யாரும் அவ்வளவாகப் பேசியதில்லை. இந்த முறை அதிலிருந்து சில துணுக்குகள்.

★ 1948 ஜூன் 22 அன்று லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் கரையில் இருக்கும் டில்பரி துறைமுகத்தில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து பயணிகள் இறங்கினார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேரில் 802 பேர் கரீபியன் பகுதியைக் கடைசியாக வசித்த இடமாகக் காட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் வந்து குடியேறிய எல்லோரையுமே இன்று 'விண்ட்ரஷ் தலைமுறை' என்று அழைக்கிறார்கள். இத்தனைக்கும் அது முதல் கப்பல் இல்லை. அதற்கு முந்தைய வருடமே 'ஓர்மாண்ட்' லிவர்பூலுக்கும் 'அல்மன்சோரா' சவுதாம்ப்டனுக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. டில்பரியில் மட்டும் செய்திப்பட கேமராக்கள் காத்திருந்தன. பெயரும் அந்தக் கப்பலுக்கே போய்விட்டது.

★ அந்தக் கப்பல் பிறப்பால் ஜெர்மன்! 1930-ல் ஹாம்பர்க்கில் 'மான்டே ரோசா' என்ற பெயரில் கட்டப்பட்டது. ஹிட்லர் ஆட்சியில் தொழிலாளர்களுக்கான உல்லாசக் கப்பலாக ஓடியது. போர் வந்ததும் படைகளை ஏற்றியது; நார்வே யூதர்களை நாடு கடத்தவும் பயன்பட்டது. 1945-ல் பிரிட்டனிடம் பிடிபட்டுப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. விண்ட்ரஷ் என்பது தேம்ஸில் கலக்கும் ஒரு சிற்றாறு. 1954 மார்ச்சில் அல்ஜீரியாவுக்கு அப்பால் இன்ஜின் அறையில் தீப்பிடித்துக் கப்பல் கடலில் மூழ்கியது. பயணிகள் அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள். நான்கு ஊழியர்கள் பலியானார்கள்.

★ கிங்ஸ்டனிலிருந்து லண்டனுக்கு அந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில் டிக்கெட் 28 பவுண்ட் 10 ஷில்லிங். ஜமைக்காவில் சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சாம் கிங் என்ற இளைஞருக்காக வீட்டில் மூன்று மாடுகளை விற்றார்கள். லண்டன் வந்து தபால் துறையில் சேர்ந்த அவர், 1983-ல் சதர்க் பகுதியின் மேயரானார்.

★ அதே கப்பலில் ஒரு தையல்காரப் பெண் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்தார். நடுக்கடலில் பிடிபட்டதும் சக பயணிகள் கச்சேரி வைத்து, தொப்பியை நீட்டி வசூல் செய்து, டிக்கெட் காசைக் கட்டிவிட்டார்கள். பாட ஆட்களுக்கா பஞ்சம்? லார்ட் கிச்சனர், லார்ட் பிகினர் என்று டிரினிடாடின் பெரிய கலிப்ஸோ பாடகர்கள் கூடவே வந்துகொண்டிருந்தார்களே!

★ வந்தவர்கள் சட்டப்படி அந்நியர்களே அல்ல. காலனியில் பிறந்தவரும் பிரிட்டிஷ் பிரஜைதான். பள்ளியில் படித்தது இங்கிலாந்து மன்னர்களின் வரலாறு, பாடியது இங்கிலாந்தின் தேசிய கீதம், பேச்சில் அந்த நாட்டுக்குப் பெயர் 'தாய்நாடு'. வந்து இறங்கினால், "ஜமைக்கா ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறான் தாய்நாட்டுக்காரன். பிள்ளைக்குத் தாயைத் தெரியும், தாய்க்குப் பிள்ளையைத் தெரியவில்லை. பழைய ஆட்களின் நினைவுக்குறிப்புகளில் குளிரைவிட அதிகம் உறைப்பது இந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

★ அவர்களின் முதல் நாள் ஆச்சரியங்கள் இரண்டு. ஒன்று, வீட்டுக்கு வீடு புகைபோக்கி. ஊரில் புகைபோக்கி என்றால் ஆலைக்குத்தான். 'அடேயப்பா, இவ்வளவு தொழிற்சாலையா, வேலைக்குக் கவலையே இல்லை' என்று நினைத்தவர்கள் ஏராளம். இரண்டாவது, தெருக் கூட்டும் வெள்ளைக்காரர், மூட்டை தூக்கும் வெள்ளைக்காரர். தீவில் வெள்ளைக்காரர் என்றால் துரைதான்!

★ லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதி கரீபியன் மக்களின் கோட்டையானது எப்படி? தங்க இடமில்லாத சுமார் 230 பேரை க்ளாப்ஹாம் சவுத் ரயில் நிலையத்துக்கு அடியில், போர்க்கால வெடிகுண்டுப் புகலிடத்தில் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் கோல்ட்ஹார்பர் லேனில் இருந்தது. வேலை தேடி அங்கே போனவர்கள் அக்கம்பக்கத்திலேயே அறை பிடித்தார்கள். ஒரு பேட்டை உருவாக அவ்வளவுதான் காரணம்.

★ அமெரிக்காவை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம்? 1952-ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்காரன்-வால்டர் சட்டம், ஜமைக்காவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று வரம்பு கட்டியது. அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் பெரும் புயல் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டிருந்தது. பக்கத்துக் கதவு மூடியதும் கூட்டம் தூரத்துக் கதவுக்குத் திரும்பியது.

★ அறை வாடகைக்கு என்று பலகை இருக்கும். கூடவே 'கறுப்பர் வேண்டாம்' என்ற அட்டையும் தொங்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, மாடிப்படித் திருப்பத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்பு, ஷில்லிங் போட்டால் மட்டும் எரியும் கேஸ் மீட்டர். சரி, சொந்தமாக வீடு வாங்கலாம் என்றால் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

என்ன செய்தார்கள்? சீட்டுப் போட்டார்கள்! ஜமைக்காக்காரர்கள் அதை 'பார்ட்னர்' என்றார்கள். டிரினிடாடில் 'சூசூ', கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்', பார்படோஸில் 'மீட்டிங் டர்ன்'. வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று நம்பிக்கையான ஒருவரிடம் கட்டவேண்டும். அவருக்கு 'பேங்கர்' என்று பட்டம். வாரம் ஒருவர் முறைவைத்து மொத்தப் பணத்தையும் எடுப்பார். நம் ஏலச்சீட்டு மாதிரி தள்ளி எடுக்கும் வழக்கமெல்லாம் இல்லை, போட்டதுதான் வரும். ஊரிலிருந்து பெண்டாட்டியைக் கூட்டிவர டிக்கெட் எடுக்கவேண்டும், வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டும் என்றால் பேங்கரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. முதல் முறை எடுத்தவர் அடுத்த வாரம் கட்டாமல் கம்பி நீட்டினால் போலீசுக்குப் போக முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. அந்தத் தலைமுறை வாங்கிய முதல் வீடுகளில் பல, இப்படிக் கட்டிய பவுண்ட் பவுண்டாக எழுந்தவை. இந்தப் பழக்கத்தின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. யொரூபா மக்களிடம் 'எசூசு' என்று இன்றும் உண்டு. அடிமைக் கப்பலில் வந்த வழக்கம், இரண்டாம் முறை கப்பலேறி லண்டனுக்கு வந்திருக்கிறது.

★ வீடு வந்தாயிற்றா? இனி முன்னறை. அந்தத் தலைமுறையின் வீடுகளில் முன்னறை என்பது விருந்தாளிகளுக்கும் பாதிரியாருக்கும் மட்டும். பிள்ளைகள் உள்ளே கால் வைத்தால் முதுகு பழுத்துவிடும். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு மேஜை மேலும் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய குரோஷா விரிப்பு. கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத கோப்பைகள், வண்ணக் கண்ணாடி மீன், சுவரில் யேசு படம், தீவின் வரைபடம். மூலையில் 'ப்ளூ ஸ்பாட்' ரேடியோகிராம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஓடுவது கலிப்ஸோ இல்லை; அமெரிக்க கிராமியப் பாடகர் ஜிம் ரீவ்ஸ்! குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். துணி, தலைமுடி எல்லாம் அந்த வாடை. வெளியே எத்தனை கதவு சாத்தினாலும் இந்த ஓர் அறைக்குள் அவர்கள்தான் துரை, துரைசானி. இந்த முன்னறைகளை வைத்தே எழுத்தாளர் மைக்கேல் மக்மில்லன் ஒரு கண்காட்சி நடத்தினார். லண்டனின் 'மியூசியம் ஆஃப் தி ஹோம்' இன்று அப்படி ஓர் அறையை நிரந்தரமாக வைத்திருக்கிறது.

★ அலமாரி மேலே பெட்டி. இதுவும் எல்லா வீட்டிலும் உண்டு. 'அஞ்சு வருஷம், அப்புறம் ஊருக்கு' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். பெட்டியைப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள்.

★ அவர்களைத் திரும்ப விடாமல் செய்தது, வரவிடாமல் தடுக்கப் போட்ட சட்டம்தான்! 1962-ன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 1961-ல் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட மேற்கிந்தியர்கள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். சட்டம் வந்த பிறகு ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்ற பயம். நாலு காசு சேர்த்துக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். சட்டம் போட்டவர்கள் இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

★ கரீபியன் லண்டன் இலக்கியத்தின் முதல் பெரிய நாவலை எழுதியவர் ஒரு தமிழர் மகன். சாம் செல்வன் டிரினிடாடின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். தந்தை மதராஸ் வழிவந்த கிறிஸ்தவத் தமிழர். 1950-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் பார்படோஸ் எழுத்தாளர் ஜார்ஜ் லேமிங்கும் இருந்தார். 1956-ல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலை முதலில் நல்ல இங்கிலீஷில் எழுதிப் பார்த்தார், நகரவில்லை. டிரினிடாட் பேச்சுவழக்குக்கு மாற்றியதும் பேனா ஓடிவிட்டது.

அந்த நாவலில் டான்டி என்றொரு பாட்டி. லண்டன் மளிகைக் கடைக்காரனிடம் போய், கடனுக்குச் சாமான் கொடு, நோட்டில் எழுதிக்கொள், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று அதட்டி, அந்தத் தெரு மொத்தத்துக்கும் அக்கவுன்ட் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறாள்! இன்னொருவன், பசி தாங்காமல் பூங்காவில் புறாவைப் பிடித்துச் சமைக்கிறான். பிராணிகள் மேல் உயிரையே வைத்திருக்கும் இங்கிலாந்தில் அது எவ்வளவு பெரிய பாவம்! சிரித்துக்கொண்டே படிக்கலாம், அடியில் வயிறு காய்வது தெரியும்.

★ பிரிட்டனின் இலவச மருத்துவத் துறை பிறந்தது 1948 ஜூலை 5. விண்ட்ரஷ் வந்து இரண்டே வாரம். அதன் வார்டுகளைக் கரீபியன் பெண்கள் தாங்கினார்கள். ஆனால் அங்கே நர்ஸ் பயிற்சியில் இரண்டு வகை. மூன்று வருடப் படிப்பில் உயர்தரச் சான்றிதழ். இரண்டு வருடத்தில் கீழ்நிலைச் சான்றிதழ். வித்தியாசம் தெரியாமல் வந்த பெண்கள் பலரை இரண்டாவதில் தள்ளிவிட்டார்கள். அதை வைத்துப் பதவி உயர்வும் இல்லை, ஊருக்குத் திரும்பினால் அங்கே அந்தச் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை.

★ லண்டன் பேருந்துக் கழகம் 1956-ல் ஆள் எடுக்க பார்படோஸ் தீவுக்கே போனது. டிக்கெட் பணத்தைத் தீவின் அரசு கடனாகக் கொடுத்தது. கண்டக்டர் சம்பளத்திலிருந்து அது பிடித்தமானது.

★ லண்டனில் அப்படி என்றால் பிரிஸ்டலில் நேர்மாறு. 1963-ல் பிரிஸ்டல் பேருந்து நிறுவனத்தில் கை பெய்லி என்ற ஜமைக்கா இளைஞருக்கு நேர்முகத் தேர்வு ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் பால் ஸ்டீஃபன்சன். வேலை காலி இருக்கிறதா என்று முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டார். பையன் மேற்கிந்தியர் என்று பிறகு சொன்னதும் தேர்வு ரத்து! ஊரே பேருந்தைப் புறக்கணித்தது. நான்கு மாதம் கழித்து ஆகஸ்ட் 28-ல் நிறுவனம் பணிந்தது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தன் புகழ்பெற்ற கனவுப் பேச்சைப் பேசியதும் அதே நாள். மேற்கிந்தியர் போராடித் திறந்த கதவில் முதல் கண்டக்டராக நுழைந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

★ 1943-ல் லண்டனின் இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுக்கு அறை பதிவு செய்திருந்த மேற்கிந்திய கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனிடம், ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்றார்கள். அங்கே தங்கியிருந்த அமெரிக்கர்கள் கறுப்பரைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களாம். அவர் கோர்ட்டுக்குப் போய் 1944-ல் ஜெயித்தார். நஷ்டஈடு ஐந்தே கினி. பின்னாளில் அவரே பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். முதல் கறுப்பின ஆயுட்காலப் பிரபு.

★ 1950 ஜூன் 29. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை மேற்கிந்திய அணி 326 ரன் வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. சுழலில் சுருட்டியவர்கள் ராமதீனும் வாலன்டைனும். சோனி ராமதீன், மேற்கிந்திய அணிக்கு ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். ஆட்டம் முடிந்ததும் லார்ட் கிச்சனர் கிதாருடன் மைதானத்துக்குள் இறங்கினார். பின்னால் ஒரு கூட்டம். ஆடிக்கொண்டே பிக்காடில்லி வரை போனார்கள். லார்ட் பிகினர் கட்டிய வெற்றிப் பாட்டு இன்றும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு மனப்பாடம்.

★ ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருத் திருவிழாக்களில் ஒன்றான நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு முன்னோடி, தெருவில் அல்ல, ஓர் அரங்குக்குள் நடந்தது. அதுவும் ஜனவரிக் குளிரில்! 1958 ஆகஸ்டில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்கார இளைஞர்கள் கறுப்பர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அந்தக் கசப்பை ஆட்டபாட்டத்தால் கழுவவேண்டும் என்று கிளம்பியவர் க்ளாடியா ஜோன்ஸ். டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், கம்யூனிஸ்ட் என்று அமெரிக்காவால் நாடுகடத்தப்பட்டவர், லண்டனில் 'வெஸ்ட் இந்தியன் கெஸட்' பத்திரிகை தொடங்கியவர். 1959 ஜனவரி 30-ல் செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹாலில் அவர் நடத்திய கொண்டாட்டத்தை பி.பி.சி. ஒளிபரப்பியது. இன்று ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸின் பக்கத்திலேயே உறங்குகிறார்.

★ பப்பில் விடமாட்டேன் என்றார்கள்; வீட்டு நிலவறையில் பார்ட்டி வைத்துக்கொண்டார்கள். ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கும் 'சவுண்ட் சிஸ்டம்' கலாச்சாரத்தை 1955 வாக்கில் லண்டனில் தொடங்கிவைத்தவர் ட்யூக் வின், ஜமைக்காவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்தவர். தேவாலயத்திலும் முகம் கொடுக்காததால், வாடகை மண்டபங்களில் தங்களுக்கென்று பெந்தெகோஸ்தே சபைகளைத் தொடங்கினார்கள்.

★ பிள்ளைகள் கதை வேறு. பெற்றோர் முன்னே போக, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளையைப் பல வருடம் கழித்து 'வரவழைப்பார்கள்'. விமான நிலையத்தில் அம்மாவையே அடையாளம் தெரியாது. பள்ளியில் சேர்த்தால், பேச்சு புரியவில்லை என்று மந்த புத்திக்காரர்களுக்கான பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். 1971-ல் கிரெனடா ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் இதை ஒரு சிறு நூலில் போட்டு உடைத்தார். பெற்றோர்கள் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள்.

★ இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், 1976 தொடருக்கு முன் மேற்கிந்தியரை மண்டியிட வைப்பேன் என்று டி.வி.யில் சவடால் விட்டார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரர் வாயில் வந்த வார்த்தை அது. பிரிட்டனில் குடியேறியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஓவல் டெஸ்டில் ரிச்சர்ட்ஸ் 291, ஹோல்டிங் 14 விக்கெட். கடைசியில் மேற்கிந்திய ரசிகர்கள் முன்னால் கிரெய்கே நாலு காலில் தவழ்ந்து காட்டினார்!

★ 1973-க்கு முன் வந்து தங்கியவர்களுக்கு நிரந்தர உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது. காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. அண்ணன், அக்கா பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்த குழந்தைகள் அப்படியே வளர்ந்து, வேலை பார்த்து, வரி கட்டி, பேரன் பேத்தி எடுத்தார்கள். 2012-க்குப் பிறகு விதிகள் இறுகின. வருடா வருடம் இங்கேதான் இருந்தாய் என்பதற்கு ஆதாரம் காட்டு என்றார்கள். பழைய வருகைச் சீட்டுகள் இருந்தால் காட்டியிருக்கலாம். அவற்றை அரசே 2010-ல் அழித்துவிட்டது! நாடாளுமன்ற உணவகத்தில் சமைத்தவரைக்கூடப் பிடித்து அடைத்தார்கள். குறைந்தது 83 பேர் தவறாக வெளியேற்றப்பட்டார்கள். விஷயம் வெடித்து 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

★ பிரெஞ்சுத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1963 முதல் 1981 வரை 'பூமிடோம்' என்ற அரசு நிறுவனமே மார்டினிக், குவாதலூப் மக்களை பாரிஸுக்குத் தபால் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துப் போனது. பெண்களுக்கு வீட்டுவேலைப் பயிற்சி. பிரெஞ்சுக் குடிமக்களான தங்களுக்கு இதுவா என்று நொந்தார்கள். குவாதலூப்பில் காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போன தமிழர் வம்சமும் உண்டு. அவர்களுக்கு அந்தக் குடியுரிமையே சும்மா வரவில்லை. ஹென்றி சிதம்பரம் 1904-லிருந்து 1923 வரை போராடி வாங்கிக் கொடுத்தது.

★ கனடா 1955-ல் ஜமைக்கா, பார்படோஸ் பெண்கள் 100 பேரை வீட்டுவேலைக்கு எடுத்தது. கல்யாணமாகியிருக்கக் கூடாது, வயது 18 முதல் 35-க்குள், ஒரு வருடம் வேலை பார்த்தால் நிரந்தரக் குடியிருப்பு. ஆசிரியைகள்கூட விண்ணப்பம் போட்டார்கள். 1960-ல் கிரெனடாவிலிருந்து இப்படிப் போன ஜீன் அகஸ்டின், 1993-ல் கனடா நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணானார்.

★ ஜமைக்காவின் தேசியப் பழம் அக்கீ. உப்புக்கருவாட்டோடு வதக்கினால் காலைச் சாப்பாடு. பழுக்காமல் தின்றால் விஷம். அதனால் அமெரிக்கா 1973-ல் இறக்குமதியைத் தடுத்தது. நியூயார்க் ஜமைக்காக்காரர்கள் கடையில் டப்பா அக்கீ வாங்க 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

★ 1985-ல் டொரண்டோவின் ஜமைக்காக் கடைகளுக்கு அதிகாரிகள் வந்தார்கள். மடித்துச் சுட்டெடுத்த, கறி அடைத்த மஞ்சள் பண்டத்தை 'பீஃப் பேட்டி' என்று விற்கக் கூடாதாம். சட்டப்படி அந்தப் பெயர் பர்கருக்குள் வைக்கும் வட்டக் கறிக்குத்தானாம். அபராதம் போடுவோம் என்று மிரட்டல் வேறு. கடைக்காரர்கள் மசியவில்லை, பத்திரிகைகள் அவர்கள் பக்கம் நின்றன, கடைசியில் 'ஜமைக்கன் பேட்டி' என்று விற்கலாம் என்று சமரசம். டொரண்டோவில் பிப்ரவரி 23-ஐப் பேட்டி தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.